லடாக் போக ஒரு டிஸ்க்கு

"மாப்ளே, எங்க வீட்டு டிஸ்க்கு உங்ககிட்டயா இருக்கு?"

மாமனார் கண்ணுச்சாமி போனில் இப்படிக் கேட்டபோது, அந்த டிஸ்க்கு அன்புச்செல்வனின் பைக் பெட்டிக்குள் ஒரு துணிகூடச் சுற்றாமல் கிடந்தது. குரங்கணிக்கு மேலே ஏறும் ஜீப்பு ரோட்டில், கல்லிலும் குழியிலும் ஏழு கிலோமீட்டர் அது குலுங்கி வந்திருந்தது. வேண்டுமென்றேதான் குலுக்கியிருந்தான்.

"எங்கிட்டதான் மாமா இருக்கு."

"நல்லதாப் போச்சு. சாயங்காலம் ராசிங்காபுரத்துலருந்து பங்காளிக வர்றாக. என் அறுபதாங் கல்யாண வீடியோ அதுலதான இருக்கு. வெரசா கொண்டாந்துருங்க."

அன்புச்செல்வன் பைக் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "வேற எதுலயும் ஏத்தி வைக்கலையா மாமா?"

"எங்கிட்டு ஏத்த? எடுத்த ஸ்டுடியோக்காரன் கடையை மூடிட்டுத் திருப்பூர் போயிட்டான். இது ஒண்ணுதான். பத்திரம் மாப்ளே."

போடியில் ஏலக்காய் கமிஷன் கடையில் தரம் பார்க்கிற வேலை அன்புச்செல்வனுக்கு. அடுத்த மாதம் பைக்கில் லடாக் போகிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் குஜராத்தில் கட்ச் வரை போய், இருபத்திரண்டு நாளும் ஹெல்மெட் கேமராவில் எடுத்ததையெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். வீட்டில் மாட்டினால், 'டிக் டிக்' என்று நாலு தடவை சொல்லிவிட்டு அது செத்துப்போனது. அவன் கட்ச் போனதற்கு இன்றைக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் எடுத்த போட்டோ. அதிலும் பங்க் ஊழியர் இவன் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

அதனால் இந்தத் தடவை எதை எடுத்துப் போவது என்று மூன்று வாரமாக யோசித்தான். கம்ப்யூட்டர் கடை அழகுராஜா, "பழைய டிஸ்க்குக்குள்ள தட்டு சுத்தும்ணே. குலுக்குனா ஊசி உரசிரும். எஸ்எஸ்டின்னு புது டிஸ்க்கு வந்திருக்கு, அதுல சுத்துற சோலியே கிடையாது" என்றான். கமிஷன் கடையில் உடன் வேலை பார்ப்பவர், மெமரி கார்டாகவே பத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். மனைவி பவதாரணி, "கண்ணால பாத்துட்டு வந்தா போதாதா?" என்றாள்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். அழகுராஜாவிடம் சாக்லேட் அளவில் ஒரு எஸ்எஸ்டியை இரவலாகக் கேட்டு வாங்கினான். கூடவே குரங்கணி ரோட்டில் குலுக்கிப் பார்க்கப் பழைய டிஸ்க்கு ஒன்று வேண்டும் என்று மாமனார் வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னபோது, "எங்ககிட்ட ஒண்ணு சும்மாதான கெடக்கு" என்று மாமியார் மகாராணி சிலமலை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தான்.

இப்போது ரோட்டோரம் சோலையம்மாளின் டீக்கடையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, மாமனாரின் டிஸ்க்கை மாட்டினான்.

டிக். டிக்.

ஆனாலும் திறந்தது. வீடியோ உள்ளே இருந்தது. சட்டென்று எஸ்எஸ்டியை இன்னொரு பக்கம் மாட்டி அதற்கு மாற்றத் தொடங்கினான். நாலு மணி நேர வீடியோ. நகர நகர, டிக் டிக் சத்தம் கூடிக்கொண்டே போனது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, முடிந்தது. முடிந்த மறுநிமிடம் பழைய டிஸ்க்கு அடங்கிப்போனது. திரும்பத் திரும்ப மாட்டியும் எழுந்திருக்கவில்லை.

போனால் போகிறது, வீடியோ தப்பித்துவிட்டது. எஸ்எஸ்டி கொஞ்சம் சூடாக இருந்தது. ஆறட்டும் என்று பெஞ்சு மேல் வைத்துவிட்டு டீயை எடுத்தான்.

மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது. எஸ்எஸ்டியை எடுத்தது. கடித்துப் பார்த்தது. மறுபடி மரத்தில் ஏறிக்கொண்டது.

"அதை வெரட்டாதீங்க தம்பி" என்றாள் சோலையம்மாள். "பிஸ்கட்டக் காட்டுங்க. கையில இருக்கிறதப் போட்டுட்டு வரும்."

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினான். எங்கிருந்தோ இன்னும் ஏழெட்டுக் குரங்குகள் வந்தன. பாக்கெட் முதலில் போனது, அப்புறம் டீ போனது, ஒன்று அவன் கையுறையை மாட்டிப் பார்த்தது. சோலையம்மாள் சொன்னபடியே முதல் குரங்கும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத்தான் வந்தது. போட்ட இடம்தான் ரோட்டுக்குக் கீழே, சரிவில், ஏலத்தோட்டம்.

வேலியைத் தாண்டி இறங்கினான். ஆள் உயரச் செடிகளுக்குள் குனிந்து, தூர் தூராக விலக்கித் தேடிக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு கம்பு தொட்டது.

"காய் எடுக்க வந்தியளாக்கும்?" தோட்டத்துக் காவல்காரர் அமாவாசை நின்றிருந்தார்.

"இல்லண்ணே. எங்க மாமனாரோட அறுபதாங் கல்யாணத்தைத் தேடுறேன்."

அமாவாசை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பையில இருக்கிறத வெளிய எடுங்க."

சந்தேகம் தீரட்டும் என்று அன்புச்செல்வன் தானாகவே சட்டைப்பையைக் கவிழ்த்தான். பச்சைப்பசேலென்று பதினைந்து இருபது ஏலக்காய் உள்ளங்கையில் கொட்டியது. தரம் பார்க்கிறவன் பையில் எப்போதும் கிடப்பது அது. முந்தின நாள் ஏலத்தில் பார்த்த மாதிரிக்காய்.

"இது எங்க கடைக் காய்ண்ணே."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாக."

"நல்லாப் பாருங்க. இது காஞ்ச காய். செடியில இருக்கிறது ஈரக்காய். எட்டு மில்லி சைசு வேற. உங்க தோட்டத்துல ஏழுக்கு மேல வராது."

தோட்டத்தைக் குறை சொன்னதும் அமாவாசையின் முகம் இன்னும் கடுத்தது. நல்லவேளையாக மேலேயிருந்து சோலையம்மாளின் குரல் வந்தது. "அமாவாசண்ணே, அவரை விடுங்க. குரங்கு அவரு கம்ப்யூட்டர் சாமானைத் தூக்கிப் போட்டுருச்சு."

காய்ந்த காய் ஒன்றை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அமாவாசை கம்பை இறக்கினார். பிறகு இரண்டு பேருமாகத் தேடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வடிகால் ஓடையில், இரண்டு கல்லுக்கு நடுவே, தண்ணீருக்குள் கிடந்த எஸ்எஸ்டியை அவர்தான் குனிந்து எடுத்தார்.

சோலையம்மாள் அடுப்பு ஓரமாக ஒரு தட்டில் அதை வைத்து உலர்த்தினாள். அரை மணி நேரம் கழித்து அன்புச்செல்வன் அதை மாட்டினான்.

திறந்தது. மாலையும் கழுத்துமாக மாமனார் சிரித்தார்.

அன்புச்செல்வன் பெஞ்சில் அப்படியே சாய்ந்துவிட்டான். அமாவாசை எட்டிப் பார்த்து, "நல்ல களையான மனுசன்" என்றார். அவருக்கும் சோலையம்மாளுக்கும் சேர்த்து மூன்று டீ சொன்னான். மூன்று வாரக் குழப்பமும் தீர்ந்துவிட்டது. குரங்கு கடித்து, மலையிலிருந்து விழுந்து, தண்ணீரில் ஊறி எழுந்து வந்ததற்கு மேல் லடாக்கில் என்ன நடந்துவிடப் போகிறது? பல் பதிந்த இந்த எஸ்எஸ்டியையே வாங்கிக்கொள்வதாக அழகுராஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

சாயங்காலம் சிலமலையில் பங்காளிகள் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் செய்வதுபோலவே கண்ணுச்சாமி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்திலும் நிறுத்தி, அவர் யார், எந்த ஊர், என்ன சாப்பிட்டார் என்று விளக்கினார். ஒரு மணி நேரம் ஓடியும் மாப்பிள்ளையும் பெண்ணும் இன்னும் மணமேடைக்கு வரவில்லை. அன்புச்செல்வனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

மனசில் வைத்திருக்க முடியாமல் அடுப்படிக்குப் போய், காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"உங்க டிஸ்க்கு செத்துப்போச்சு அத்த. மன்னிச்சுக்கங்க. ஆனா வீடியோ தப்பிச்சிருச்சு. இன்னும் நாலு எடத்துல ஏத்தி வச்சிர்றேன். இனி எந்தக் காலத்துலயும் அழியாது."

மகாராணி டம்ளரைக் கீழே வைத்தார். கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரோட்டுல குலுங்கியாச்சும் ஒழியட்டும்னுதான மாப்ளே, நானே தேடி எடுத்துக் குடுத்தேன்."