ஐயோ மேஸ்திரி வாங்கிய மெஷின்

நம்பிக்கை என்கிற சமாசாரம் துளிகூட இல்லாமல் ஒரு மனிதன் உயிர் வாழ முடியுமா என்று யாராவது கேட்டால், அவரை உத்திரமேரூருக்கு பஸ் ஏற்றி விடுங்கள். செங்கல்பட்டு சாலையில் நெல் மண்டிகளைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை வரும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஐயோ மேஸ்திரி. அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது தொழில். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், யாருக்கும் தெரியாது. எந்த வண்டி உள்ளே நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் "ஐயோ". ஊர் அதையே பெயராக வைத்துக்கொண்டது.

ஒருமுறை புத்தம் புது கார் ஒன்று வந்தது. கதவில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. மேஸ்திரி காரை ஒரு சுற்று வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயோ... எப்ப சார் ஆச்சு?"

"நேத்து சாயங்காலம்."

"கூட யாராச்சும் இருந்தாங்களா?"

கார்க்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி பொங்கலுக்குள் ரெடியாகுமா என்று கேட்ட இன்னொருவருக்கு, "பொங்கலுக்கு நாம இருப்பமா சார்?" என்று பதில் வந்தது. ஆனாலும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவர் தேய்த்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

அந்தக் கொட்டகைக்கு எதிர் மாடியில் நான் குடியிருக்கிறேன். எழுதுகிறவன், பகலில் வீட்டில் இருப்பேன். ஆகவே எனக்கு வேலை இல்லை என்று மேஸ்திரி முடிவு செய்து, அதற்காகவும் வருத்தப்பட்டார். தினம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "மன்சு உட்டுடாதீங்க சார். எப்டியும் ஒண்ணியும் ஆவப்போறதில்ல" என்று தேற்றுவார்.

சென்ற வருடம் ஆடி மாதம் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் அந்தக் கொட்டகைக்குள் வந்து நின்றது. கொண்டுவந்தவர் எஸ்தர். மாகறல் தாண்டி ஒரு காலனியில் இருப்பவர். நடவு, களை, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். அந்தப் பக்கத்தில் இறந்தவர்களைக் கொண்டுபோக ஏற்கெனவே ஒரு வண்டி உண்டு. காலனியிலிருந்து கேட்டால் மட்டும் அதற்கு பஞ்சர் ஆகிவிடும். மழைக் காலத்தில் தோளில் சுமந்து சேற்றில் வழுக்கி விழுந்து அலுத்துப்போன எஸ்தர், வீடு வீடாகப் போய்ப் பேசிப் பணம் திரட்டி, இந்த வேனை வாங்கியிருந்தார். எஞ்சின் ஓடியது. உடம்புதான் துருப்பிடித்துப் பல்லாங்குழி மாதிரி இருந்தது.

மேஸ்திரி வேனைச் சுற்றி வந்தார். அன்று அவர் இரண்டு தடவை "ஐயோ" சொன்னார்.

"மேஸ்திரிண்ணா, மழைக்கு முன்னாடி முடிச்சிக் குடுங்க. வெள்ளையா, மயமயன்னு இருக்கணும். எங்காளுங்க கடைசியா ஏறுற வண்டி" என்றார் எஸ்தர்.

"உடும்மா. நானே இதுலதான் போவணும். மேடு பள்ளமா கீற வண்டில நான் ஏற மாட்டேன்."

இப்படிச் சொன்னாரே தவிர, வேலை ஓடவில்லை. உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேய்ப்பார், நிறுத்துவார், விரல்களை உதறுவார். காஞ்சிபுரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "மணிக்கட்டுல நரம்பு நசுங்கிப்போச்சாம். விரலெல்லாம் மரத்துப்போச்சு சார். பட்டி சமமா கீதா, மேடா கீதான்னு தடவிப் பாத்தா ஒண்ணியும் தெரில. இத்தினி வருசம் கண்ணே இல்லாம தேச்சவன் சார் நான். எல்லாம் கைதான்." அன்று அவர் குரலில் வழக்கமான புலம்பலின் ராகம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

தேய்ப்பதற்கு ஒரு மெஷின் வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். இருவரும் சென்னைக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க அந்த பஸ் ஏன் போய்ச் சேராது என்று விளக்கிக்கொண்டே வந்தார்.

வண்டி சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், கல்லாவில் இருந்த பெண் பொறுமையாக எடுத்துக் காட்டினாள். மெஷினுக்கு டி.ஏ. சாண்டர் என்று பெயர். அடியிலுள்ள வட்டத் தட்டு சுற்றும். சுற்றிக்கொண்டே அக்கம்பக்கம் ஆடவும் செய்யும். அதனால் ஒரே தடத்தில் கோடு விழாது. வெறுமனே சுற்றுகிற மெஷினில் தேய்த்தால், பெயின்ட் அடித்த பிறகு வெயிலில் வளையம் வளையமாகத் தெரிந்து மானத்தை வாங்கும்.

"காத்துல ஓடறதா, கரன்ட்டுல ஓடறதா அங்கிள்?"

"ரெண்டுல எது சீக்கிரம் கெட்டுப்போவும்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"உங்க கம்ப்ரசர் எவ்ளோ பெருசு?"

"அது கிய்வன்மா. பெயின்ட் அடிக்கவே அதுக்கு மூச்சு வாங்குது."

"அப்ப காத்து மெஷின் வேணாம். அது விடாம காத்து குடிக்கும். தேய்க்கிற நேரத்தவிட டேங்க் ரொம்பறதுக்குக் காத்திருக்கிற நேரம்தான் ஜாஸ்தியா இருக்கும். கரன்ட்டுதே எடுத்துக்குங்க."

"கரன்ட்டு போய்ட்டா?"

"கம்ப்ரசரும் கரன்ட்டுலதான அங்கிள் ஓடுது?"

மேஸ்திரி யோசித்தார். "அதுவும் சரிதான். ரெண்டு பக்கமும் வழி அடைச்சிட்ச்சு."

தட்டு எவ்வளவு தூரம் ஆட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பட்டியைச் சமமாக்கப் பெரிய ஆட்டம், பெயின்ட்டுக்கு முந்தைய நைஸ் வேலைக்குச் சின்ன ஆட்டம் என்று அவள் விளக்கி, "உங்களுக்கு எது?" என்றாள்.

"என் ஆட்டம் முடிஞ்சுபோச்சும்மா."

வேன் முழுக்கப் பட்டிதான் என்பதால் பெரிய ஆட்டமே போதும் என்று நான் குறுக்கே புகுந்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வேலையை இதில் செய்யக் கூடாது, ஷாக் அடிக்கும் என்று அவள் எச்சரித்தபோது மட்டும், "அடிக்குமா?" என்று மேஸ்திரி முகம் லேசாக மலர்ந்தது.

பிறகு மெஷினை அவர் கையில் கொடுத்து ஓடவிட்டாள். மேஸ்திரி அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் கேக்குது. கையில ஒண்ணியும் தெரிலியே?"

அவள் ஒரு கணம் அவர் விரல்களைப் பார்த்தாள். "இது அதிர்வு கம்மியான மெஷின் அங்கிள். நல்ல மெஷின்னா அப்டித்தான்" என்றாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்து முதல் நாள். மேஸ்திரி மெஷினை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, முழு வேகத்தில் ஓடவிட்டு, அப்படியே வேனின் கதவில் வைத்தார். அது தவளை மாதிரி குதித்தது. அடக்குவதற்காக உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டார். தட்டு சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கியது. "பாத்தீங்களா சார்? நம்மகிட்ட வந்ததும் அதுக்கும் வாழ்க்க வெறுத்துப்போச்சு." பிறகு சரித்துப் பிடித்து, கதவின் நடுவே ஓடும் மடிப்பு விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தார். விளிம்பு இருந்த இடத்தில் பளபளவென்று வெறும் தகரம் தெரிந்தது. முகத்தில் மாவு மில்காரர் போலப் பட்டித் தூள்.

கடைப் பெண்ணுக்கு போன் போட்டேன். "மொதல்ல மேல வைங்க, அப்புறம் ஆன் பண்ணுங்க. தட்டு படுத்தாப்ல இருக்கணும், சரிக்காதீங்க. அழுத்தவே கூடாது, மெஷினோட வெய்ட்டே போதும். நிக்காம நகத்திக்கினே இருங்க. விளிம்புல டேப் ஒட்டிட்டு அங்க மட்டும் கையால தேய்க்கச் சொல்லுங்க. மாஸ்க், கையுறை போட்டாரா?"

"அழுத்தாம எப்டி சார் தேயும்? பொறந்ததுல இருந்து அழுத்திக்கினேதான் கீறேன்" என்றார் மேஸ்திரி. ஆனால் மாஸ்க்கும் கையுறையும் போட்டார், சொன்னபடி செய்தார். சொரசொரப்பான எண்பதாம் நம்பர் தாளில் தொடங்கி, நூற்றெண்பது, முன்னூற்றிருபது என்று நைஸுக்கு மாறிக்கொண்டே போனார். மணிக்கட்டை நினைத்துக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஓய்வு நேரத்தில் புலம்பினார்.

தேய்ந்தது. சமமாகத் தேய்ந்ததா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. எஸ்தரின் அப்பா தானியேல் அன்று வேனைப் பார்க்க வந்திருந்தார். வயல் வேலையிலேயே வயதானவர்; நடந்தால் இரைப்பு வாங்கும்.

"தடவிப் பாத்து சொல்லு பெரீவரே" என்றார் மேஸ்திரி.

தானியேல் தடவினார். "எனக்கு எல்லாம் ஒண்ணாதாம்பா கீது. அருவா புடிச்ச கை. நெருப்பு வெச்சாலும் தெரியாது."

எஸ்தரும் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் கையும் அப்படித்தான். மேஸ்திரியின் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் அழுத்திப் பார்த்தார்.

"மெத்துன்னு கீது! இந்தக் கையால இதுவரிக்கும் இன்னா சார் வேல செஞ்சீங்க?"

"எழுதியிருக்கேன்."

"அதான. ஒண்ணியும் செய்யல. கண்ண மூடிக்கினு தடவுங்க சார்."

தடவினேன். ஓரிடத்தில் லேசாக ஏறி இறங்கியது. சொன்னேன். அவர் சுண்ணாம்புக் கட்டியால் அங்கே வட்டம் போட்டார். தானியேல் இரைப்புக்கு நடுவே சிரித்தார். "மெதுவா பண்ணுப்பா மேஸ்திரி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவசரம் வந்துவிட்டது. ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில் எஸ்தர் நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"நைனா பூட்டாரு மேஸ்திரிண்ணா. வண்டிய எப்டி கீதோ அப்டியே குடுங்க."

"பெயின்ட் அடிக்கலியேம்மா. பட்டி தெரியுது. ஒரு பக்கம் வெறும் தகரம்."

"ஓடுமா?"

"ஓடும்."

"அது போதும்ணா."

பட்டி தண்ணீரைக் குடித்தால் உப்பிவிடும். செய்த வேலை அத்தனையும் பாழ். மேஸ்திரி பிளாஸ்டிக் தாளை வெட்டி வேனைச் சுற்றிக் கட்டினார். காற்று பிய்த்தது. கடைசியில், காலனியில் தானியேலின் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போன வேனுக்குப் பக்கத்திலேயே, தாளின் முனையை இரு கையாலும் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மழையில் தலை நனைய கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தார். இன்னொரு முனையை நான் பிடித்தேன். பார்த்தவர்கள், பெட்டியை விட்டுப் பிரிய மனமில்லாத நெருங்கிய சொந்தக்காரர் என்று நினைத்து, மேஸ்திரியை முதல் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். மண் போடச் சொன்னார்கள். போட்டார். போட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஈர மண்ணு சார். ஜில்லுன்னு இருக்கணும் இல்ல?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

திரும்பும்போது மேஸ்திரி ஒரு வார்த்தை புலம்பவில்லை. பட்டி பல இடங்களில் உப்பியிருந்தது. மறுபடி சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி தேய்த்தார். மழை ஓய்ந்து வெயில் வந்ததும் வெள்ளை பெயின்ட் அடித்து, கார்த்திகை கடைசியில் வேனைக் கொடுத்தார். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு வளையம் இல்லை, ஒரு மேடு இல்லை. எஸ்தர் கதவைத் தடவிவிட்டு வண்டியில் ஏறினார். "இன்னும் ரெண்டு மாசம் முன்னாடி முடிச்சிருக்கணும். அந்த மன்சன் சிரிச்சாரு சார், அவசரம் இல்லன்னு" என்றார் மேஸ்திரி. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

கை சரியாகவில்லை. ஆபரேஷன் செய்தாலும் உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். "அவுரே நம்பல, நான் எப்டி சார் நம்பறது?" என்று மேஸ்திரி போகாமலே இருக்கிறார். வேலை நடக்கிறது. ஒவ்வொரு வண்டியும் தேய்த்து முடிந்ததும் கொட்டகையிலிருந்து சத்தம் வரும்: "சார், கை வேணும்!" நான் இறங்கிப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தடவிவிட்டு வருவேன்.

போன மாதம் வீட்டுப் பின்புறம் வாழைக்கன்று வைக்க மண்வெட்டி பிடித்தேன். மறுநாள் என் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்து மேஸ்திரி பதறிவிட்டார். "யாரக் கேட்டு சார் மண்வெட்டி எத்தீங்க? கை காச்சுப்போச்சுன்னா இன்னா பண்றது?" மண்வெட்டி கூடாது, தேங்காய் உரிக்கக் கூடாது, கம்பி நார் வைத்துப் பாத்திரம் தேய்க்கவே கூடாது என்று உத்தரவு. அதைச் சொன்னபோது என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி தேச்ச மாதிரிதான்" என்றாள்.

இப்போதெல்லாம் குளித்துவிட்டு வந்ததும் வலது உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நாளைக்கு மேஸ்திரிக்கு ஒரு ஆட்டோ முடிகிறது.