மெஷின் கத்தியதற்கு நான் பொறுப்பல்ல

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் தங்கையும் நலம்தானே?

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். நடந்தது இதுதான். என் மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பொய் கண்டுபிடிக்கும் மெஷின் செய்கிறார்கள். சோதித்துப் பார்க்க நேர்மையான ஆள் வேண்டுமென்று அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். நேர்மை என்றதும் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தி வேண்டாமா எனக்கு? மெஷினின் பட்டையை என் விரலில் மாட்டிக்கொண்டே பாடம் நடத்தினாள்: ஒரு காலத்தில் வாயில் அரிசியைப் போட்டு மென்று துப்பச் சொல்வார்களாம், பயத்தில் எச்சில் வற்றி அது காய்ந்தே வெளியே வந்தால் பொய்யனாம், அப்புறம் நாடி, மூச்சு, வியர்வை என்று ஆராய்ந்தார்களாம், இனிமேல் பட்டைகூட வேண்டாமாம், வாசலில் ஒரு கேமரா மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுமாம். அந்தக் காலம் வருவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் விரலிலும் மாட்டினாள். சும்மாதான் எட்டிப் பார்த்தேன் என்றார், மெஷின் கத்தி ஊரையே கூட்டியது. விழுந்து விழுந்து சிரித்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டை திரும்ப என் விரலுக்கு வந்ததும், உங்கள் தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "மொத மொத என்னைப் பாத்த அன்னிக்கே புடிச்சுப்போச்சுன்னு சொல்லுவீங்களே, அது நெசந்தானே?" என்று கேட்டாள். "பின்ன இல்லையா?" என்றேன். கத்தியது பாருங்கள் ஒரு கத்து! பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

மச்சான், நீங்களே நியாயம் சொல்லுங்க. அந்த மெஷினுக்குப் பொய்யும் தெரியாது மண்ணும் தெரியாது, நெஞ்சு படபடன்னு அடிச்சா கத்தும், அவ்வளவுதான். அந்த நாளை நெனச்சா எனக்கு இன்னிக்கும் படபடன்னுதான் அடிக்குது, அது ஆசையில அடிக்குதுன்னு டப்பாவுக்கு எப்படித் தெரியும்? இதை அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அவசரம் ஒன்னுமில்ல, ஆற அமர இருந்துட்டு வரட்டும், நான் இங்க ராஜா மாதிரி இருக்கேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நேர்மை மாறாத,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: என் பேச்சுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று, இடது கை விரலில் பட்டையை மாட்டிக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். இரண்டு இடத்தில் கத்திவிட்டது. ஒன்று, ராஜா மாதிரி இருக்கிறேன் என்றது. இன்னொன்று, அந்த ஆசை. அன்று நான் அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை மச்சான். பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படபடப்பெல்லாம் அதனால்தான். அவளைப் பிடித்துப்போனது அதற்கப்புறம். இன்றுவரை அது குறையவில்லை. இதை எழுதும்போது மெஷின் வாயே திறக்கவில்லை. கடிதம் கண்டதும் அவளை அனுப்பி வையுங்கள்.