பெரிய டாக்டர் வந்தால் எழுந்திருக்கக் கூடாது

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதுமுன் எதற்கும் ஒருமுறை நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வோமே என்று தோன்றியது. அதோடு கடிதத்தின் போக்கே மாறிவிட்டது.

நம் இருவருக்கும் ஒரே கோளாறு, இதயத்தின் மேலறை தாளம் தப்பி நடுங்குவது. சிகிச்சையும் ஒன்றே. மூத்தவனாகிய நான் முதலில் போய்ப் படுத்துவிட்டு வந்து உள்ளதை உள்ளபடி எழுதுவது, அதைப் படித்துவிட்டுத் தாங்கள் வருகிற வாரம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது என்றுதானே பேசிக்கொண்டோம்? அந்தப் பொறுப்பு என் தலையில் இருப்பதால் எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

இளைய டாக்டர் முன்பே விளக்கியிருந்தார். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயத்துக்குள் அனுப்பி, உட்சுவரைத் தொட்டுத் தொட்டு, மின்சாரம் எங்கே ஒழுங்காக ஓடுகிறது, எங்கே தறிகெட்டுக் கிளம்புகிறது என்று கணினித் திரையில் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் போடுவார்களாம். பிறகு அந்தப் படத்தைப் பார்த்துக் கலகம் செய்கிற இடங்களுக்கு வேலி போட்டது போலச் சூடு வைப்பார்களாம். "நீங்க மட்டும் அசையாம படுத்திருக்கணும் சார். அசைஞ்சா படம் ஒரு இடத்துல, இதயம் ஒரு இடத்துல ஆயிடும்" என்றார் சிரித்துக்கொண்டே. எதற்குச் சிரித்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன் சம்பந்தி. அன்றிலிருந்து தினமும் மதியம் கட்டிலில் கிடந்து அசையாமல் இருக்கப் பழகினேன். தும்மல் வந்தால் எப்படி விழுங்குவது, மூக்கு அரித்தால் மனத்தை எங்கே திருப்புவது என்றெல்லாம் முறைப்படுத்தி வைத்தேன். என் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "போதும், எழுந்திருங்க. யாராவது பார்த்தா அழ ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள். இப்படி எல்லாவற்றுக்கும் தயாராகிப் போனேன். மரியாதைக்கு மட்டும் தயாராகவில்லை.

அந்த அறையில் எலும்பு வரை குளிர். மார்பிலும் முதுகிலும் பட்டை பட்டையாக ஒட்டினார்கள். ஊசியின் மயக்கத்தில் பாதித் தூக்கம், மீதி பயம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு பெண் கணினி முன் உட்கார்ந்து படத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கடைக்கண்ணால் பார்த்தேன். பாதி உரித்த பழம் போல என் இதயம் திரையில் சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கே கூச்சமாகிவிட்டது. அப்போதுதான் வாசலில் பெரிய டாக்டர் தொண்டையைக் கனைத்தார். சாதாரணக் கனைப்பா அது? நம் அதிகாரியின் கனைப்பு! அவர் அறை வாசலில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து நாம் ஆயுளைக் கழித்தவர்கள். அந்தச் சத்தம் கேட்டால் மூளைக்குச் சேதி போகுமுன் உடம்பு கிளம்பிவிடுமே, கிளம்பிவிட்டது. முழங்கையை ஊன்றி எழுந்து, "குட் மார்னிங் சார்" என்றேன்.

"ஐயையோ, படம் நகர்ந்துடுச்சு!" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அலறல்.

"என்னாச்சு?" என்றார் பெரியவர்.

"உங்களுக்கு மரியாதை குடுக்க எழுந்துட்டார் சார்" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கா? எங்க வீட்லயே யாரும் எழுந்திருக்கிறதில்லையேப்பா!" என்றவர் என் பக்கம் குனிந்து, "ஐயா, படுத்துக்கிட்டே மரியாதை குடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "அவரைப் பேச வேணாம்னு சொல்லுங்க!" என்று மறுபடி அலறல். படத்தை முதலிலிருந்து போட்டார்கள். அதற்குள் நான் தூங்கிப்போனேன்.

என் பயம் இங்கேதான் ஆரம்பம். சூடு வைத்தது எந்தப் படத்தைப் பார்த்து? பழையதா, புதியதா? மேசையில் இரண்டு வரைவுகள் இருந்தால் தவறானதையே கையெழுத்துக்கு அனுப்பியவர்கள் நாம். அங்கே மட்டும் என்ன வாழப்போகிறது? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர் திரும்பி நான்கைந்து நாள் நன்றாகத்தான் இருந்தது. நேற்று மாலை, அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி மறுபடி உள்ளே பிராண்டியது. சந்தேகமே இல்லை, ஒழுங்காக இருந்த இடத்தைச் சுட்டுவிட்டுக் கலகக்காரனை விட்டுவிட்டார்கள். இவளிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். ஆகவே சம்பந்தி, தாங்கள் போக வேண்டாம். ஜுரம் என்று சொல்லுங்கள், வெளியூர் என்று சொல்லுங்கள். அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டாலே எழுந்து நின்று பேசியவர் தாங்கள். அந்தக் கனைப்பைத் தாங்க மாட்டீர்கள்.

பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

கூடியவரை அசையாமலிருக்கும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறை வாங்கப் போயிருந்தபோது இவள் கடிதத்தைப் படித்துவிட்டாள். "நெஞ்சு துடிச்சதை எங்கிட்ட மறைச்சு சம்பந்திக்கு எழுதுவீங்களோ?" என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என் கையில் திணித்தாள். இளைய டாக்டர்தான் பேசினார். சுட்ட புண் ஆறுகிற வரை சில வாரம் அப்படி எட்டிப் பார்க்குமாம், நாளைக்கே வந்து காட்டச் சொன்னார். எந்தப் படம் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். "பழசை அப்பவே தூக்கிப் போட்டாச்சு சார். மறுபடி போட்டப்பதான் மொதல்ல விட்டுப்போன ஒரு இடம் கண்ணுல பட்டுது" என்றார். இவ்வளவையும் நின்றுகொண்டேதான் கேட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய கடிதம், கிழிக்க மனம் வரவில்லை. மேலே உள்ளதை மறந்துவிட்டு நீங்கள் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்ன கனைத்தாலும் எழுந்திருக்காதீர்கள். அன்றைக்கு வாசலில் நான் இருப்பேன். பெரிய டாக்டர் வரும்போது உங்களுக்கும் சேர்த்து நான் எழுந்து நிற்கிறேன்.