நானே சாரும் மஞ்சள் மீன் சுவரும்

"இன்னிக்காவது ப்ளம்பரைக் கூப்பிடட்டுமாங்க?"

குளியலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி மனைவி கேட்டதுதான் தாமதம், பேப்பரை வீசிவிட்டு எழுந்தார் நானே சார்.

"ப்ளம்பரா? நான் உயிரோடதானே இருக்கேன்? நானே மாத்தறேன்!"

தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்ததன் காரணம் இதுதான். ஹாலில் மின்விசிறியை நானே மாட்டுவேன் என்று மாட்டினார். அது சுற்றுகிறது, காற்றுதான் வருவதில்லை. குளியலறைக்கு டைல்ஸ் எடுத்ததும் அவரேதான். கிளிப்பச்சை நிறம், ஒவ்வொன்றிலும் முழித்துப் பார்க்கும் ஒரு மஞ்சள் மீன். அதை மாற்றச் சொல்லி மனைவி கெஞ்சாத நாளில்லை. "என் மீன் மேல ஒரு கீறல் விழ விடமாட்டேன்" என்று அவர் மறுக்காத நாளுமில்லை. அந்தச் சுவர் அவருடைய கௌரவம்.

மெயின் வால்வை மூடிவிட்டு, ஸ்பானரைக் குழாயில் கவ்வ வைத்துத் திருகினார். ம்ஹூம். இத்தனை வருஷம் சுவரோடு குடித்தனம் நடத்திய குழாய் லேசில் வருமா?

"உங்க பலத்துக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? நல்லா அழுத்துங்க" என்றாள் மனைவி.

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்து எத்தனை காலமாயிற்று! நானே சார் உச்சி குளிர்ந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினார்.

குழாய் கையோடு வந்துவிட்டது. மரை போட்ட முனை மட்டும் முறிந்து சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

"மட்டமான குழாய்!" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

"அப்போ ப்ளம்பரை..."

"பேச்சே கிடையாது! ஸ்க்ரூடிரைவரை எடு."

நோண்ட நோண்ட முறிந்த துண்டு இன்னும் உள்ளே போனது. அந்த ஒரு டைல்ஸை மட்டும் முழுசாகப் பெயர்த்து எடுத்தால், வேலை முடிந்ததும் அப்படியே திரும்ப ஒட்டிவிடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மின்விசிறிக்கு யோசனை சொன்ன அதே மூளைதான்.

உளியைத் தேடித் திரும்பினார். கேட்காமலேயே உளியும், கூடவே பெரிய சுத்தியலுமாக நின்றாள் மனைவி. இன்னொரு கையில் டார்ச் வேறு.

"இவ்ளோ பெரிசு எதுக்கு?"

"உங்க கைக்கு இதுதாங்க லட்சணம்."

அதற்குமேல் மனுஷன் என்ன செய்வார்? ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

டைல்ஸ் வந்தது, துண்டு துண்டாக. மேலே இருந்தது வாயைப் பிளந்தது. அதைக் கையால் தாங்கினார். பக்கத்திலிருந்தது நழுவியது. அதற்கு முழங்காலை முட்டுக் கொடுத்தார். இன்னொன்றுக்குத் தலையையே கொடுத்தார்.

"ஐயையோ, என் மீனு! பிடிடி, பிடி!"

"டார்ச்சைப் பிடிச்சிட்டிருக்கேனேங்க!"

மடமடவென்று சுவரிலிருந்த டைல்ஸ் முழுக்க இறங்கியது. புழுதி அடங்கியபோது, தலையெல்லாம் சிமெண்ட்டோடு இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் நானே சார். அழுகையே வந்துவிட்டது. இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டியே கொல்லப்போகிறாள் என்று நடுங்கினார்.

ஆனால் அவளோ, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"போனா போகுது விடுங்க. உங்களுக்கு அடிபடலையே, அது போதும் எனக்கு."

நானே சார் உருகிப்போனார். இவளையா இத்தனை வருஷம் அழ வைத்தோம்!

"இந்தத் தடவை நீ ஆசைப்பட்ட டைல்ஸையே போட்டுடலாம்மா" என்றார்.

"நீங்க பார்த்து எது சொன்னாலும் சரிதாங்க" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் மணி அடித்தது. நானே சாரே போய்க் கதவைத் திறந்தார். மினி லாரி டிரைவர் அவருடைய தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்:

"அக்கா, போன வாரம் நீங்க எடுத்து வெச்ச டைல்ஸ் வந்திருக்கு. சார் குழாய் மாத்தி முடிச்சிட்டாரா, இறக்கிடலாமா?"