நீல ஃபேனுக்குக் கூலி இல்லை

வித்யா கடை வாசலில் நின்று, புதுப் போர்டை மேலிருந்து கீழ்வரை படித்து, "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஃபேனோடு திரும்பிப் போய்ப் பத்து நாள் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

தமிழ்மணி ஒரு மிக்ஸியின் அடிப்பாகத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிதம்பரத்தில் பதினொரு மணி வெயில் வெள்ளையாய் அடித்தது. அதில் யார் வந்தாலும் தூரத்தில் அவள் மாதிரியே இருந்தார்கள்.

அதற்கு முன் ஐந்து சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு நீல டேபிள் ஃபேனைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாரத்துக்கு ஒரு சின்னக் கோளாறு. முதல் வாரம் பிளக். அடுத்த வாரம் சுவிட்ச். பிறகு தலை திரும்பவில்லை. சரிசெய்து ஓடவிட்டதும் அவள் நெற்றி முடி பறக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருபது ரூபாய் வாங்குவான். பில்லில் பெயர் எழுதுவான். செல் நம்பர் எழுதும் கட்டம் வந்ததும் காது சூடாகிவிடும். காலியாக விட்டுவிடுவான்.

கெடுத்தது அக்கா புருஷன் பஞ்சநாதன். கடையில் பாதிப் பங்கு அவருடையது.

"ஆளுக்கு ஒரு கூலி வாங்குறியாமே மச்சான்? வெளியில ஒரு மாதிரி பேசுறாங்க. ரேட்ட எழுதி மாட்டு."

வெள்ளை போர்டும் மார்க்கரும் அவரே வாங்கி வந்தார். மிக்ஸி 200, கிரைண்டர் 350, வாஷிங் மெஷின் 500. கடைசி வரி: 'எதுவானாலும் பிரித்துப் பார்க்கும் கூலி 150.' அதைப் படமெடுத்துக் கடலூர்வரை இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார்.

"கிரைண்டருக்கு முந்நூத்தம்பதா?" என்றாள் இட்லிக்கடை தில்லையம்மாள். கூலியைக் குறைக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று மூன்று நாளாகக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எங்க அக்கா மவன் கடலூர் ஐ.டி.ஐ.ல இதத்தான் படிக்கிறான். ஓசியில பாப்பான்."

"அப்ப அவன்கிட்டயே குடுங்கம்மா."

"குடுத்தேனே. அவன் பாத்த பொறவுதான் சுத்தமா நின்னுபோச்சு."

தமிழ்மணி மிக்ஸியைக் கீழே வைத்தான். எழுந்துபோய்ப் போர்டின் கடைசி வரிக்குக் கீழே எழுதினான்: 'டேபிள் ஃபேனுக்கு மட்டும் பிரித்துப் பார்க்கும் கூலி கிடையாது.' படமெடுத்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான். அவள் ஏதாவது ஒரு குழுவில் இருப்பாள்.

மறுநாள் கடை திறக்குமுன் பதினேழு டேபிள் ஃபேன்கள் வரிசையில் நின்றன. பரங்கிப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் நாலு. புவனகிரிக் கல்யாண மண்டபத்திலிருந்து மட்டும் ஒன்பது.

"இது நல்லா ஓடுதேண்ணே?"

"ஓடுதுப்பா. சும்மாதான பாக்குற? ஒருவாட்டி தொறந்து பாத்துடேன்."

அன்று சாயங்காலம் 'டேபிள்' என்ற சொல்லுக்கு முன் 'நீல' என்று சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு நீல ஃபேன்கள் வந்தன. பக்கத்துக் கடை பெயிண்டர் ராபர்ட் சந்தோஷமாக எட்டிப் பார்த்தார்.

"ராத்திரியிலேருந்து செம யாவாரம் தம்பி. நீலம் தீந்துபோச்சு. நாளைக்கு என்ன கலருன்னு இப்பவே சொல்லிடேன்?"

தமிழ்மணியின் பத்து விரலும் நீலமாகிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டான். இருபத்திரண்டு தலைகளும் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. பில் புத்தகம் தானாகப் புரண்டது. கடை தரையை விட்டு லேசாகக் கிளம்பி, வெள்ளாற்றின் மேலாகவே மிதந்து கடலுக்குப் போவது போலிருந்தது. படகாகிவிட்ட கடையின் முனையில் யாரோ ஒருத்தி நின்றாள். நெற்றி முடி பறந்தது.

"யோவ், எம் ஃபேனு எதுய்யா?" என்று ஒருவர் கத்தினார். கடை இறங்கிவிட்டது.

அன்று மாலை கடைசி வரி இப்படி ஆயிற்று: 'கம்பெனியிலேயே நீலமாக வந்த டேபிள் ஃபேன். அடியில் வலது பக்கம் சின்னக் கீறல் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மட்டும். கூலி இல்லை.'

பஞ்சநாதன் அதை இரண்டு முறை படித்தார்.

"இது ரேட்டு போர்டா மச்சான், கல்யாணப் பத்திரிகையா?"

"நாளைக்கு ஒருநாள் வுடுங்க மாமா."

"அஞ்சு மணி வரைக்கும்தான். அப்புறம் நானே அழிப்பேன். மறுபடி எழுதுன, பங்கப் பிரிச்சிக்கினு போயிடுவேன்."

சனிக்கிழமை நாலு மணிக்கு யாரும் வரவில்லை. தில்லையம்மாள் மட்டும் நாற்காலியில் இருந்தாள். நாலே காலுக்குப் பஞ்சநாதன் துடைக்கும் துணியோடு வந்து உட்கார்ந்தார். நாலரைக்கு அதை உதறிப் பார்த்தார்.

நாலு முப்பத்தெட்டுக்கு வித்யா வந்தாள்.

போர்டைப் படித்தாள். ஃபேனின் அடியில் இருந்த கீறலை விரலால் தொட்டாள். மறுபடி படித்தாள்.

"ஓடலைங்க" என்றாள்.

தமிழ்மணி பிரித்தான். கெப்பாசிட்டர் வயர் தனியாக வந்திருந்தது. நுனியில் கறுப்பு டேப் கச்சிதமாகச் சுற்றியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக அவனுக்கே சுற்ற வராது.

"இது எப்படிங்க வுட்டுப்போச்சு?"

"தெரியலைங்க" என்று அவள் காலண்டரைப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

வயரைச் சேர்த்தான். ஃபேன் ஓடியது. முடி பறந்தது. பில்லில் பெயர் எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. அவள் பேனாவை வாங்கிப் பத்து இலக்கமும் தானே எழுதினாள்.

"அடுத்த சனிக்கிழமையும் இதே ரேட்டுதானா?"

"ஆமாங்க" என்றான். பாதி சத்தம்தான் வந்தது.

அவள் திருப்பத்தில் மறைந்தாள். பஞ்சநாதன் துணியை மடித்து டிராயருக்குள் வைத்தார். தில்லையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஏன் தம்பி, இந்தப் பொண்ணு எதுக்கு ஃபேன ஒங்கிட்ட தூக்கினு வருது? கடலூர் ஐ.டி.ஐ.ல எங்க அக்கா மவனுக்கு ஃபேன் ரிப்பேரு சொல்லிக்குடுக்கிற டீச்சரே இதுதான்!"