எந்தப் பக்கமும் சாயாத கர்னல்

சமாதானக் கர்னல் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? சண்டை போட்ட கர்னலை விடுங்கள். அவர் பாவம், மீசையை முறுக்கிப் பழங்கதை பேசுவதோடு சரி. இவர் வேறு ரகம். எங்கோ இரண்டு படைகள் முறைத்துக்கொண்டு நின்ற இடத்தில் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி மாட்டி, நட்டநடுவில் கூடாரம் அடித்து, அந்தப் பக்கத்துத் துப்பாக்கியையும் இந்தப் பக்கத்துத் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்தே பதக்கம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் நகராட்சி ஆணையராக வந்து உட்கார்ந்தார். பழக்கத்தை விடுவாரா மனுஷன்?

கடைத்தெருவில் ஒரு பள்ளம். சாலைக்காரர்கள்தான் மூட வேண்டும் என்றார்கள் குடிநீர்க்காரர்கள்; தோண்டினவன் மூடட்டும் என்றார்கள் சாலைக்காரர்கள். நம்மவருக்கு வந்ததே உற்சாகம்! பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார், இரு தரப்பும் நெருங்கக்கூடாது என்று பலகை வைத்தார், காவலுக்கு ஆளும் போட்டார். சண்டை ஓய்ந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. அவருக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம் வீட்டிலேயே மூண்டது. மகளுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"மாசக்கணக்கா கடல்ல மிதக்கவாடி உன்னைப் பெத்தேன்?" என்றாள் அம்மா.

"அப்பா மட்டும் வருஷக்கணக்கா போகலையாம்மா?"

"போனார். இங்க ஒண்டியா கிடந்தது யாரு? என்னங்க, நீங்களே சொல்லுங்க!"

சொல்வார் என்றா நினைக்கிறீர்கள்? போ என்றோ போகாதே என்றோ ஒரு வார்த்தை. எதுவானாலும் அந்தப் பெண் தாங்கியிருப்பாள். இவரோ சமையலறையை அம்மாவுக்கும் கூடத்தை மகளுக்கும் ஒதுக்கிவிட்டு, நடைவழியில் நாற்காலி போட்டு அமர்ந்தார். மகளுக்குப் போன டீயை மூடி திறந்து பரிசோதித்து அனுப்பினார். முதலில் எதைப் பற்றிப் பேசுவது என்பதைப் பற்றிப் பேசலாம் என்றார்.

"அப்பா, நேரமாகுதுப்பா!" மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இரு தரப்பும் நிதானம் காக்கணும்மா."

அவ்வளவுதான். சமையலறையில் கரண்டி பறந்தது. அம்மா புயலாக வந்து நாற்காலியை அவரோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினாள்.

"போடி கண்ணு, சரின்னு சொல்லிடு. எனக்கு அழுகை வரும், வந்துட்டுப் போகட்டும். இந்த மனுஷனை நம்பினா நீ வாசப்படி தாண்ட மாட்டே."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், அப்புறம் அவரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கர்னல் உடனே நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டார். "வீட்ல சமாதானம் கொண்டுவந்துட்டேன்யா!" போனை வைத்துவிட்டு வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகளும் ஒரே பக்கம், தோளோடு தோள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் சட்டென்று சொல்லுங்கள்: அம்மாவா, மகளா, யார் கேட்டது நியாயம்? என்ன, தொண்டையைச் செருமுகிறீர்கள்? ஒரு விதத்தில் பார்த்தால் அம்மா... இன்னொரு விதத்தில்... போதும் சார், புரிந்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போங்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக அங்கே யாரோ ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்கள்.