போனை வீட்டுல வெச்சுட்டு ஒப்புட்டு தின்ன கதை

போன வாரம் ராகி அரைக்க மில்லுக்குப் போனேனுங்க. வேலை அவ்வளவுதான்.

ராகி எதுக்குன்னா, எனக்குச் சர்க்கரை எல்லையில நிக்குதாம். டாக்டர் என் கையில சட்டைப் பட்டனாட்டம் ஒண்ணை ஒட்டி உட்டுட்டாரு. நான் எதைத் தின்னாலும் சர்க்கரை எவ்வளவு ஏறுதுன்னு அது என் போனுக்குக் கோடு போட்டுச் சொல்லும். போன் பெங்களூருல இருக்கற எம்பொண்ணு கவிதாவுக்குச் சொல்லும்.

"கோடு மேல ஏறாம இருந்தா மாத்திரை வேண்டாம்மா. ஏறுச்சுன்னா திங்கக்கிழமையில இருந்து மாத்திரைதான்"னாரு.

எனக்கு உசுரே போச்சுங்க! முழுங்கறது கஷ்டம்னு இல்ல. எங்க நங்கையா, அதாவது வீட்டுக்காரரோட அக்கா, ரொம்ப வருசமா சர்க்கரைக்கு மாத்திரை போடறாங்க. "வாயைக் கட்டினா இதெல்லாம் எதுக்குங்க?"ன்னு நான் அவங்களைக் கேக்காத விசேஷ வீடே கிடையாது. இப்ப நானே மாத்திரை டப்பாவோட போய் நின்னா?

பட்டன் ஒட்டுனதுல இருந்து நிம்மதி போச்சு. ரெண்டு முறுக்கை வாயில போட்டாக்கூட கொஞ்ச நேரத்துல போன் அடிக்குது.

"அம்மா, இப்ப என்ன சாப்புட்டே?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"கோடு ஏறுதேம்மா!"

"மாடிப்படி ஏறினேன், அதா இருக்கும்."

எட்டாவதோட நின்னவதான். ஆனா எனக்கும் மூளை இருக்குதுல்லீங்க? போன் கூட வந்தாத்தானே கோள் சொல்லும்! அன்னைக்கு அதை அரிசி டப்பா மேல வெச்சுட்டு, ராகிப் பையை மட்டும் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

மில்லுல ஒரே கூட்டம். மில்லுக்காரக்கா டீயையும் எண்ணெயில சுட்ட இனிப்புக் கச்சாயத்தையும் நீட்டுச்சு.

"வேண்டாங்க்கா, சர்க்கரை..."

"அட, நாட்டுச்சக்கரைங்க அம்மணி! அது ஒண்ணும் பண்ணாது!"

நாட்டுச்சக்கரைன்னா நம்மூருல மருந்து கணக்குல்லீங்க. ரெண்டு மருந்து தின்னேன்.

என் ராகிக்கு முறை வர நேரமாகும்னாங்க. அடுத்த வீதிதான் நங்கையா வீடு. தலையைக் காட்டாமப் போனா வருசம் பூரா பேசுவாங்க. முந்தானையால பட்டனை நல்லா மூடிட்டுப் போனேன்.

உள்ள போனா நெய் வாசம்! போளியை எங்கூருல ஒப்புட்டும்போம்.

"வா அம்மணி! ஒப்புட்டு சுடறேன், உக்காரு."

"வயிறு நெறஞ்சு கெடக்குதுங்க நங்கையா."

"உனக்கென்ன! நாந்தான் வாயைக் கட்டத் தெரியாதவ. நீ சர்க்கரை இல்லாத ஆளு, தின்னு!"

வேண்டாம்னா காரணம் கேப்பாங்க. காரணம் முந்தானைக்குள்ள ஒட்டிட்டு இருக்குது. தின்னேன். இன்னொண்ணு விழுந்துச்சு. அதையும் தின்னேன். ரெண்டும் பயத்துல தின்னதுங்க. மூணாவது மட்டும் ஆசையில.

மாவை வாங்கிட்டு வீடு வந்து, அரிசி டப்பாகிட்ட போனேன். போனைத் தொடக்கூட இல்லீங்க! அந்தப் பட்டன் இருக்குதே, அத்தனையையும் மனசுலயே வெச்சிருந்து, போனைக் கண்டதும் ஒரே மூச்சுல கொட்டிப்போட்டுது!

கவிதா கூப்பிட்டா. "என்னம்மா இது! வெள்ளியங்கிரியாட்டம் மலை மலையா நிக்குது?"

"மில்லுல கூட்டம் கண்ணு..."

"கூட்டத்தையா தின்னே?"

திங்கக்கிழமை டாக்டர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாரு.

"நாட்டுச்சக்கரையும் சர்க்கரைதாம்மா. ஆனா அந்த ஒரு நாளை விடுங்க. மத்த நாளும் எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் எதையாச்சும் கொறிக்கறீங்க. உடம்புல சுரக்கற இன்சுலின் ஓயாம கதவைத் தட்டிட்டே நின்னா, உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? காதுல வாங்காம இருந்துக்குவாங்க. இடைவெளி விட்டுச் சாப்பிடுங்க, சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க." சீட்டை நீட்டினாரு. "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரை."

சந்தேகம் வந்தா நான் கேட்டுருவேனுங்க. "எந்தச் சாப்பாட்டுக்கு அப்புறமுங்க?"

அவரு கதவைக் காட்டினாரு.

வெளிய வந்தா, பெஞ்சுல நங்கையா! அவங்களுக்கும் இதே டாக்டருதானாம். நான் சீட்டை முந்தானைக்குள்ள ஒளிச்சேன்.

"எதுக்கு அம்மணி மறைக்கறே? போன மாசம் எனக்கும் அதே பட்டன் ஒட்டினாங்க. அன்னைக்கு நீ வாசப்படி ஏறறப்பவே முந்தானை விலகுச்சு, பார்த்துட்டேன்."

"பார்த்துட்டுமா மூணு ஒப்புட்டு வெச்சீங்க?"

"நாலாவதும் எடுத்து வெச்சிருந்தேன். நீதான் அவசரமாப் போயிட்டே."